அஞ்சாவது பில்லை

— சுவிட்ச்ல இருந்து கைய எடு அமலா. கீழே ஆள் கீது.

— டாடி, இது ரவுட்டர். ஷாஃப்ட் இல்லே. மைன்ஸ் மூடி இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு.

— மைன்ஸத்தான் மூடினாங்க. ரூல்ஸ மூடலே. கீழே எறங்குறவன் ஒவ்வொருத்தன் பேருக்கும் போர்டுல ஒரு பித்தளை பில்லை தொங்கும். மேலே வந்தாத்தான் அத்த கழட்டுவோம். ஒரு பில்லை பாக்கி கீதுன்னா ஷிப்ட் முடியாது. இந்த டென்னிஸ் வூட்டுக்குப் போவமாட்டான்.

— அதுக்காக என் லேப்டாப்புக்கு பில்லை மாட்டுவீங்களா?

— மாட்டிட்டேன், த பாரு. உன் லேப்டாப்பு, உன் போனு, என் போனு, டிவி. நாலு.

— அய்யோ தேவ்ரே! மணி ஒம்போது நாப்பது டாடி. பத்துக்குள்ள மேனேஜருக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டோ அனுப்பணும். நூறு காட்டலேன்னா வீட்ல இருந்து வேலை கிடையாது. திங்கக்கிழமையில இருந்து பெங்களூர் ஆபீஸ்ல உக்காரணும்.

— அப்ப தினமும் கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயில் ஏறி, ராத்திரி வருவியா?

— முடியாது. ஹாஸ்டல்தான். ஞாயித்துக்கிழமை வந்தா உண்டு.

— இன்னாது, ஹாஸ்டலா? உங்கம்மா போனப்புறம் இந்த வூட்ல நீயும் நானுந்தான் கீறோம். நான் டிவியோட உக்காந்து சோறு துன்னணுமா?

— வேணாம்னா கைய விடுங்க. இதுல ரெண்டு லைன் இருக்கு டாடி. ரெண்டு புள்ளி நாலு மெதுவா போவும், ஆனா செவுரு தாண்டி தூரமா வரும். அஞ்சு செம வேகம், செவுருன்னா அதுக்கு ஆவாது. ரெண்டுக்கும் ஒரே பேரு இருக்கறதால லேப்டாப் மெதுவானதுலயே தொங்கிட்டு இருக்கு. பேரைப் பிரிச்சு சேவ் பண்ணா ஒரு வாட்டி ஆஃப் ஆயி ஆன் ஆவும். அவ்ளோதான்.

— ஆஃப் ஆவும்ல? அதான் கூடாது. வைஃபைல கீறவங்க லிஸ்ட்ட காட்டு. எத்தினி பேரு?

— அஞ்சு.

— பில்லை?

— நாலு. டாடி, ப்ளீஸ்!

— அஞ்சாவது ஆள் யாரு?

— ஏதோ போன். ரோட்ல போறவங்களா இருக்கும்.

— எந்த லைன்ல கீறான்?

— அஞ்சுல.

— சிக்னலு?

— ஃபுல்லு.

— செவுருன்னா அதுக்கு ஆவாதுன்னு இப்பதான சொன்னே? ரோட்ல போறவனுக்கு எப்டி ஃபுல்லு?

— சும்னே, சும்மாவே காட்டும் டாடி. ரவுட்டர் புதுசுல்ல.

— யாரு மாட்டினது?

— நான்தான். நீங்க காலைப் பூசைக்குப் போனப்ப.

— கேபிள் ஆபீஸ்ல இருந்து எவனும் வரலே? அந்த நாகேஷ் மவன் விநாயக்கு அங்கதான வேலை செய்றான்.

— அவனை ஏன் இழுக்கறீங்க?

— அவங்கப்பன் ஷாஃப்ட்ல ஆள எறக்கி ஏத்துற கேஜ் எஞ்சின் ஓட்னவன். நான் கேஜ் வாசல்ல பெல் அடிக்கிறவன். ஆள் ஏறியாச்சுன்னா மூணு பெல். நான் ஒண்ணுகூட அடிக்கலே, நாகேஷு கேஜ எறக்கிட்டான்! என் ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. பூட்ஸு போச்சு. தப்புதான்னு ஒரு வார்த்தை சொன்னானா?

— ஒரு பூட்ஸுக்காக இருவத்தேழு வருஷம் அவங்களோட பேசாம இருக்கீங்க.

— ரெண்டு பூட்ஸு. மீதி ஒண்ண வெச்சிகினு நான் இன்னா பண்றது?

— ஒம்போது அம்பது! ஆமா, வந்ததுல இருந்து ஆணியால இன்னாத்த கீறிட்டே இருக்கீங்க?

— உனக்கு எதுக்கு? நவுரு. அந்த மர பீரோவத் தட்டப் போறேன்.

— பீரோவா? அதுல மம்மி புடவைதான் இருக்கு டாடி!

— புடவைக்கு எதுக்கு வைஃபை?

— ஐயோ, தள்ளாதீங்க!

— யாருப்பா கீழே? பயப்படாதே. உயிரோட கீறேன்னா மூணு தட்டு தட்டு. ஆள விட்டுட்டு நான் மேலே போனதே இல்லே. தட்டு.

— அதுல யாரும் இல்லே டாடி, சத்தியமா!

— டொக். டொக். டொக்.

— விநாயக்! உன்னை யாரு தட்டச் சொன்னது?

— சாரி அமலா. அங்கிள் அப்படிக் கேட்டதும் கை தானா தட்டிருச்சு. உள்ள ஒரே பாச்சா உருண்டை வாசனை வேற.

— மூணு. கூடவும் இல்லே, கொறையவும் இல்லே. வெளிய வா விநாயக்கு.

— அங்கிள், அடிக்காதீங்க. நான் ரவுட்டர் மாட்டத்தான் வந்தேன். நீங்க சீக்கிரம் திரும்பிட்டீங்க.

— டாடி, எங்க விஷயத்த நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். ஈஸ்டருக்கு அப்புறம்.

— அழுவாதே, மணி ஒம்போது அம்பத்தஞ்சு. ஆள் மேலே வந்தாச்சு, நீ அணைச்சுப் போடு. இந்தாப்பா உன் பில்லை. வாசல்ல உன் செருப்பப் பார்த்ததுல இருந்து உன் பேரத்தான் கீறிகினு கீறேன்.