பானெட்டுக்குள் ஏழு குட்டிகள்

– மெல்ல தம்பி, மெல்ல. பானெட்டை அப்படிப் படார்னு தூக்காத. உள்ள எலி குட்டி போட்டிருக்கு.

– தெரிஞ்சேவாம்மா விட்டு வெச்சிருக்கீங்க?

– விட்டு வெக்கறதாவது! நான்தான் படியளக்கறேன். காலையில ஒரு கை வேர்க்கடலை, சாயங்காலம் ரெண்டு பிஸ்கட். வைப்பர் பக்கத்துல கிண்ணம் இருக்கு பாரு.

– என்னம்மா நீங்க, விளையாடறீங்களா? உங்க பையன் போன் பண்ணி, 'அண்ணே, அப்பா படுத்ததுல இருந்து கார் எட்டு மாசமா சும்மா நிக்குது, ஓட வெச்சுக் குடுங்க'ன்னு கெஞ்சறாரு. நீங்க என்னடான்னா எலிக்கு விருந்து வெக்கறீங்க. ஐயையோ, நாத்தம் குடலைப் புடுங்குது. பானெட்டுக்கு அடியில ஒட்டியிருந்த பஞ்சு மொத்தமும் காணோம். ஒயர் பூராவும் தோலுரிச்சு வெச்சிருக்கு. செம்புக் கம்பி பல்லைக் காட்டுது.

– அந்த இடது பக்கத்து ஹெட்லைட் ஒயர் போன மாசமே போச்சு. இந்த மாசம் பின் சீட்டு. போன வாரம் சீட்டு பெல்ட்டை ஆரம்பிச்சுது.

– என்னமோ பஞ்சாங்கம் பாத்துச் சொல்ற மாதிரி சொல்றீங்களே!

– கணக்கா சொல்லணும்ல, கேட்கறவரு சாதாரண ஆளா? தினமும் காலையில அவருக்கு ஊட்டிவிட்டு, வாயைத் துடைச்சு, பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒண்ணு விடாம சொல்வேன். ஒரு நாள் ஸ்டியரிங் கவர்ல ஒரு துண்டு கீழ கிடந்துச்சு. எடுத்துட்டுப் போய் அவரோட நல்ல கையில வெச்சேன். விரலை மடக்கி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு, பாவம். சாயங்காலம் வரைக்கும் விடல.

– மெல்லப் பேசுங்கம்மா, ஜன்னல் தொறந்திருக்கு. ஐயா காதுல விழப்போகுது.

– விழட்டும்னுதானே தொறந்து வெச்சிருக்கேன். கட்டிலைக்கூட நானே இழுத்து இந்தப் பக்கம் போட்டேன். தலையைத் திருப்பாமலே கார் தெரியும். வாதம் வாயையும் உடம்புல ஒரு பாதியையும்தான் எடுத்துக்கிச்சு. கண்ணும் காதும் இன்னும் கூர்மையாத்தான் இருக்கு.

– தப்புங்கம்மா. விழுந்து கிடக்கற மனுசனை இப்படியா? ஐயாவுக்கு இந்த வண்டின்னா உசுரு. நான் சர்வீஸ் பண்ணிக் கொண்டாந்து விட்டா, கதவு இடுக்குல விரலைவிட்டுத் தடவிப் பாப்பாரு. ஒரு பொட்டு அழுக்கு ஒட்டுச்சுன்னா, விரலை என் மூக்குகிட்ட நீட்டிச் சிரிப்பாரு.

– எனக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருஷம். முன் சீட்டுல நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்ல. செருப்பைக் கழட்டிப் பையில போட்டுட்டுத்தான் பின்னாடி ஏறணும். என் பொண்ணு பொறக்கற அன்னிக்கு, வண்டி வாங்கி மூணு மாசம், பனிக்குடம் உடைஞ்சு நான் வாசப்படியைப் பிடிச்சுக்கிட்டுத் துடிக்கறேன். இவரு மாடிக்கு ஏறிப் போறாரு. எதுக்குன்னு நினைக்கற? சாக்கு எடுத்துட்டு வர. சீட்டு நனைஞ்சுடுமாம். ரெண்டா மடிச்சு, நாலு மூலையையும் இழுத்துவிட்டு, 'இப்ப உட்காரு'ன்னாரு.

– அந்தக் காலத்து மனுசங்க அப்படித்தாம்மா. முரடா இருப்பாங்க, உள்ள ஈரம் இருக்கும்.

– ஈரத்தைக் கேளு. ஒரு தடவை இதே காருக்குள்ள ஒரு எலி வந்துச்சு. பொறி வெச்சுப் பிடிச்சாரு. கொன்னு போடுவாருன்னு பாத்தேன். பொறியை சைலன்சர் வாய்கிட்ட வெச்சுட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சாரு. கொஞ்சம் மிதிக்கறது, விடறது, எட்டிப் பாக்கறது, மறுபடி மிதிக்கறது. பொண்ணுக்கு அப்போ அஞ்சு வயசு. கிட்ட வந்து பாக்கச் சொன்னாரு. அவ பயந்துபோய் பாவாடையிலயே போயிட்டா. அதுக்கும் ஒரு அறை.

– ...சரிங்க. பழசை எல்லாம் கிளறி என்னத்துக்கு?

– எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. எனக்குத்தான் இந்த வீட்டுல கிடைக்கல, எலிக்காவது கிடைக்கட்டும்னு விட்டேன். நீ உன் ஸ்பேனரை மடிச்சு வெச்சுட்டு வீட்டுக்குப் போ.

– எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனைக் கேள்விப்பட்டிருக்கேன். எலியை விட்டே கொளுத்தறவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன். நகருங்கம்மா. இந்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழட்டணும், கூடு அதுலதான் இருக்கும். க்ளிப்பு ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடக்கு... வந்துடுச்சு. அட! ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. செக்கச்செவேல்னு இருக்கு, இன்னும் கண்ணே தொறக்கல. பஞ்சும் காகிதமும் சேர்த்து என்னமா மெத்தை போட்டிருக்கு!

– தாய் எங்க?

– தொறந்ததும் பாஞ்சு ஓடிருச்சு. பேட்டரிக்குப் பின்னாடிதான் பதுங்கியிருக்கும். ஒரு வாளியில தண்ணி குடுங்கம்மா. ரெண்டு நிமிஷ வேலை.

– தண்ணி எதுக்கு? இந்தா, செருப்பு டப்பா. கூட்டோட அலுங்காம தூக்கி இதுல வை.

– தோட்டத்துல விடப்போறீங்களா? பூனைக்குத்தான் ஆகும்.

– அவரு கட்டிலுக்கு அடியில வெக்கப்போறேன். குட்டி கத்தினா தாய் எத்தனை சுவர் ஏறியும் வந்துடும். பெத்தவளாச்சே.

– அம்மா! வாதம் வந்த பக்கத்துக் கால்ல ஐயாவுக்கு உணர்ச்சியே கிடையாதுங்களே. கடிச்சுக் குதறினாக்கூடத் தெரியாதே!

– கால்லதானே தெரியாது. கண்ணால பாக்கலாம்ல?

– நான் விடமாட்டேங்க. சத்தியமா விடமாட்டேன். அவரு எனக்குத் தெய்வம். உங்க டிரைவரா இருந்த எங்க அண்ணன் இதே வண்டியைக் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டி ஒரு பொம்பளையைச் சாகடிச்சுட்டு ஜெயிலுக்குப் போனப்போ, தெருவே எங்களைக் காறித் துப்புச்சு. நான் யாரோ ஒருத்தன் ஒர்க்‌ஷாப்புல நட்டு கழுவிட்டிருந்தேன். ஐயா தேடி வந்தாரு. 'டிரைவர் செஞ்சதுக்குத் தம்பி என்ன பண்ணுவான்'னு தோள்ல கையைப் போட்டாரு. ஷெட்டு போட்டுக் குடுத்தாரு, ஜாக்கி வாங்கிக் குடுத்தாரு, கடையைத் தொறந்து வெச்சாரு. எந்த முதலாளி செய்வான், சொல்லுங்க? இன்னிக்கு என் வீட்டுல அடுப்பு எரியுதுன்னா அது ஐயா ஏத்தி வெச்ச நெருப்பு.

– அன்னிக்கு வண்டியை ஓட்டினது யாரு?

– எங்க அண்ணன்தான்.

– யாரு சொன்னா?

– கோர்ட்டுல நீங்கதானேம்மா சொன்னீங்க! 'நான் பின் சீட்டுல இருந்தேன், மெதுவாப் போன்னு சொல்லியும் டிரைவர் கேட்கல'ன்னு கூண்டுல நின்னு நீங்கதானே சாட்சி சொன்னீங்க!

– ஆமா. சொன்னேன். பொய் சொன்னேன்.

– ...அம்மா, இதுல விளையாட்டு வேண்டாம்.

– அவரோட அக்கா வீட்டுல இருந்து திரும்பி வந்துட்டிருந்தோம். மத்தியானம். மழை விட்டு ரோடு கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. திடீர்னு இவருக்கு ஓட்டணும்னு ஆசை. உங்க அண்ணனைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிட்டு உட்கார்ந்தாரு. ஒரு வளைவு. சைக்கிள்ல ஒரு பொம்பளை, பின்னாடி கேரியர்ல துணி மூட்டை. தையல்காரி போல. 'ஐயா பிரேக்கு, ஐயா பிரேக்கு'ன்னு உங்க அண்ணன் அலறினான். அடிச்சதுக்கப்புறமும் இவரு நிறுத்தல. ரெண்டு மைல் தள்ளி ஒரு பாலத்துக்கு அடியில கொண்டுபோய் நிறுத்தினாரு. இறங்கினதும் முதல்ல பம்பரைத்தான் தடவிப் பாத்தாரு.

– அப்புறம்?

– அப்புறம் உங்க அண்ணன் தோள்ல கையைப் போட்டாரு. 'நீ ஓட்டினதாச் சொல்லிடு, மூணு மாசத்துல வெளிய கொண்டாந்துடறேன்'னாரு. அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்.

– என்ன கேட்டான்?

– 'என் தம்பி கையில தொழில் இருக்கு, நிக்கத்தான் இடமில்ல. அவனுக்கு ஒரு கடை வெச்சுக் குடுப்பீங்களா ஐயா? நான் கேட்டேன்னு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா வாங்கமாட்டான், ரோஷக்காரன்.'

– மூணு மாசம் இல்லம்மா... மூணு வருஷம் உள்ள இருந்தான்.

– இவருக்கு மறந்துபோச்சு.

– வெளிய வந்ததும் நேரா கடைக்குத்தான் வந்தான். கையில ஒரு பை. வாசல்ல நின்னு ஷெட்டை அண்ணாந்து பாத்தான். சிரிச்சான். உள்ள வந்து ஜாக்கியைத் தொட்டுப் பாத்தான். ஐயா கேள்விப்பட்டா என்ன நினைப்பாரோன்னு எனக்குப் பதறிப்போச்சு. நாலு கஸ்டமர் நிக்கறாங்க. 'கொலைகாரனுக்கு இங்க என்னடா வேலை, என் பொழப்புல மண்ணைப் போட வந்தியா'ன்னேன். வண்டி கழுவுற பைப்பைத் திருப்பி அவன் மேல தண்ணியை அடிச்சேன். நாயை விரட்டற மாதிரி. நனைஞ்ச பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

– தெரியும். அடுத்த நாள் நீயே வந்து பெருமையாச் சொன்னியே. நீ போனதும் இவரு தொடையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு.

– பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கு அடியில செத்துக் கிடந்தான். உங்க அண்ணனான்னு போலீஸ்காரர் வந்து கேட்டாரு. ஆளே தெரியாதுன்னுட்டேன்.

– அது எனக்குத் தெரியாது.

– நீங்க ஏன் வாயைத் தொறக்கல? அவருக்குப் பயந்தா?

– பயம்னு சொல்லி ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா நீ நம்பிடுவ. ஆனா பயம் இல்ல. பெரியவனுக்கு அப்போ நல்ல இடத்துல பொண்ணு பேசி முடிச்சிருந்தோம். அப்பன் ஜெயிலுக்குப் போனா அது நின்னுபோயிருக்கும். அவ்வளவுதான். நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல, கேட்டுக்கோ.

– இப்ப நாம பேசினதெல்லாம் உள்ள கேட்டிருக்குமா?

– கேட்காம? அந்த முனகல் காதுல விழலையா? நீ அவரைத் தெய்வம்னு சொன்னப்போ சத்தமே இல்ல. பாலம்னு சொன்னதும் ஆரம்பிச்சுது.

– கூட்டை டப்பாவுல வெச்சாச்சு. மூடியில ஓட்டை போட்டிருக்கேன், மூச்சு விடட்டும்.

– கீழ வை தம்பி. நான் சும்மா சொன்னேன்.

– எதைச் சும்மா சொன்னீங்க?

– கட்டிலுக்கு அடியில வெக்கறேன்னதை. எனக்கு வாய்தான். வாயைத் தவிர எதுவும் கிடையாது. இந்த எட்டு மாசத்துல ஒரு வேளை மருந்து தவறியிருக்குமா? ஒரு படுக்கைப் புண் வந்திருக்குமா? ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடறேன், முதுகுக்குப் பவுடர் போடறேன். திட்டிட்டேதான் போடறேன், ஆனா போடறேன். எலியை உள்ள விட நான் என்ன பேயா? கொண்டுபோய் அந்தச் செடிக்குப் பின்னாடி விட்டுடு.

– பேட்டரிக்குப் பின்னாடி கையை விட்டேன். தாயும் கிடைச்சுடுச்சு.

– ஐயோ, விரல்ல ரத்தம் வருது பாரு. உதறு அதை!

– கடிக்கட்டும்மா. பசியில இருக்கும்.

– தம்பி, இப்படி ஏன் பாக்கற? உட்காரு, தண்ணி கொண்டாறேன். எங்க போற? வண்டி இந்தப் பக்கம் இருக்கு, நீ வீட்டுக்குள்ள எங்க போற? தம்பி! கதவை ஏன் தாழ் போடற? தொற. என் பையனுக்குப் போன் பண்ணுவேன். நான் சொன்னது அத்தனையும் பொய், கேக்குதா? வயித்தெரிச்சல்ல அவரை நோகடிக்கக் கட்டிவிட்ட கதை! உங்க அண்ணன்தான் ஓட்டினான், சத்தியமா அவன்தான்! டப்பாவை அங்க வெக்காத... ஜன்னலைச் சாத்தாத தம்பி, உன் காலைப் பிடிச்சுக்கறேன், சாத்தாத...

– ஐயா, முழிச்சுட்டுத்தான் இருக்கீங்களா? அழாதீங்க. அம்மா ரொம்பக் களைச்சுப்போயிட்டாங்க, கொஞ்ச நாள் பொண்ணு வீட்டுல இருந்துட்டு வரட்டும். இனிமே உங்களை நான் பாத்துக்கறேன்.