வரப்பு போடாத விளையாட்டு

மதகடிப்பட்டில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள், "அந்த கேமை நான்தான்டி சாவடிச்சிட்டேன்" என்றாள்.

"எந்த கேமு?"

"யாரோ ஒரு பையன் கேம் செய்ற போட்டிக்காக ரெண்டே நாள்ல செஞ்சி நெட்ல போட்டது. மண்ணு, தண்ணி, வெத, அவ்ளோதான். நம்ம இஷ்டத்துக்கு ஆடலாம். எத நட்டாலும் தண்ணி அடிச்சினு போச்சி. வேஸ்ட்டு கேமுன்னு கமெண்ட் போட்டுட்டேன்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"எங்கப்பா எட்டிப் பாத்துட்டு, வரப்பு போடாம தண்ணி வுட்டா நிக்குமான்னாரு. மண்ணால ஒரு கோடு இழுத்தேன், நின்னுச்சிடி. பயிரு வந்துச்சி. மறுநாள் சாரி சொல்லலாம்னு போனா, கேமையே தூக்கிட்டான்."

"வேற யாராச்சும் திட்டியிருப்பாங்க, வுடு."

"மொத்தமே ஒரு கமெண்ட்தான்டி இருந்துச்சி."