எண்பத்தேழாம் நம்பர்

யுடெல்கா: ...அப்போ வீடியோல வர மாட்ட? முகத்தைக் காட்டினா தேய்ஞ்சா போயிடுவ?

வில்கின்: சிக்னல் சரியில்லடி.

யுடெல்கா: ஃப்ளோரிடாவுல சிக்னல் இல்லையாம், நம்ம பானி ஊர்ல கொட்டிக் கிடக்காம். கேட்டுக்கோங்க ஜனங்களே!

வில்கின்: ஜனங்களா? எங்க இருக்க நீ?

யுடெல்கா: வேற எங்க, லிச்சோ கடையிலதான். வேலை முடிஞ்சும் விட மாட்டேங்கிறாங்க. தெருவே உள்ள இருக்கு. லிச்சோ எல்லாருக்கும் சும்மாவே பீர் ஊத்தறாரு.

வில்கின்: லிச்சோவா? சும்மாவா? யாருக்குக் கல்யாணம்?

யுடெல்கா: எல்லாம் உனக்காகத்தான். இன்னிக்கு பேஸ்பால் ஆட்டத்துல நீ புடிச்சியே, அந்த கேட்ச்சுக்கு.

வில்கின்: எந்த கேட்ச்?

யுடெல்கா: எந்த கேட்ச்சா... இரு, இவரு போனைப் புடுங்கறாரு... தோன் லிச்சோ, பெரியவரே, மெதுவா! கீழ விழுந்துடும்!

லிச்சோ: டேய் வில்கின்! எந்த கேட்ச்னா கேக்கற? ஏன்டா, ஒரு நாளைக்கு எத்தனை புடிச்ச நீ?

வில்கின்: தோன் லிச்சோ... எப்படி இருக்கீங்க?

லிச்சோ: நான் எப்படி இருந்தா என்ன! சுவத்துல ஏறினியே தம்பி, பூனை மாதிரி! பந்து வெளிய போயிடுச்சு, ஹோம் ரன்னுதான்னு தலையில கைய வெச்சுட்டேன். பாத்தா உன் கையுறைக்குள்ள இருக்கு!

வில்கின்: அதெல்லாம்... டிவில காட்டினாங்களா?

லிச்சோ: காட்டாம? சத்தத்தை மட்டும் நிறுத்தி வெச்சிருந்தேன். அந்த இங்கிலீஷ்காரன் பேசறது எவனுக்குப் புரியுது? பாட்டு பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. எண்பத்தேழாம் நம்பர் ஓடறதைப் பாத்ததும் நான்தான் மொதல்ல கத்தினேன், நம்ம பையன்டான்னு!

வில்கின்: எண்பத்தேழு...

லிச்சோ: முதுகுல பேரு போட மாட்டேங்கறானுங்க பாரு, அதுதான் எனக்கு எரிச்சல். பெரிய ஆளுங்களுக்கு மட்டும் பேரு. நம்ம பசங்கன்னா வெறும் நம்பரு.

வில்கின்: டீம்ல சேத்துக்கிட்டாதான் பேரு தைப்பாங்க. அதுவரைக்கும் அது... வந்து போறவங்க சட்டை. ஒருத்தன் கழட்டினா இன்னொருத்தன் மாட்டிப்பான்.

லிச்சோ: தைப்பாங்க, தைப்பாங்க! அவுட்ஃபீல்டுல ஒரே இடம்தானே காலி? அது உனக்குத்தான்னு எழுதி வெச்சுக்கோ. போன வருஷம் மொத வாரமே உன்னைக் கழிச்சுக் கட்டிட்டாங்க. பின்னாடி மைதானத்துல சின்னப் பசங்களோட ஆடுறேன்னு போன்ல அழுதியே... இந்த வருஷம் பாரு! முகாமே முடியப் போகுது, நீ இன்னும் பெரிய மைதானத்துல நிக்கற!

வில்கின்: ம்...

லிச்சோ: என்னடா ம்முங்கற? ஜனம் அத்தனையும் எழுந்து நின்னு கத்துச்சே, அது கேட்டுச்சா?

வில்கின்: கேட்டுச்சு. அந்தச் சத்தம்... ரொம்ப நல்லாவே கேட்டுச்சு.

லிச்சோ: அதுக்கு மேல இங்க ஒண்ணும் தெரியல. இவனுங்க எழும்பி ஆடின ஆட்டத்துல டிவியே மறைஞ்சு போச்சு. இந்தப் பொண்ணுதான் பீர் பெட்டி மேல ஏறி நின்னு பாத்துச் சொன்னா, பந்தைத் திருப்பி எறிஞ்சு ஓடினவனையும் அவுட்டாக்கிட்டான்னு. நெசமாவா?

வில்கின்: அது... நொட்டாங்கைல இருக்கற பலம், தோன் லிச்சோ. உங்களுக்குத் தெரியாததா? உங்க ஜன்னலைக் கேளுங்க, சொல்லும்.

லிச்சோ: ஹஹ்ஹா! எத்தனை கண்ணாடி மாத்தியிருப்பேன்! அந்த நொட்டாங்கைய அன்னிக்கே ஒடிச்சுப் போடாம விட்டேனே... இந்தா, உன் ஆளு முறைக்கறா. போனைக் குடுத்துடறேன். சிங்கம்டா நீ!

யுடெல்கா: குடுங்க... இருடா, பின்னாடி போறேன். பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல... ம், இப்போ சொல்லு.

வில்கின்: என்ன சொல்ல?

யுடெல்கா: எதாவது. சுவத்துல மோதினியே, வலிக்குதா?

வில்கின்: கொஞ்சம். தோள்ல.

யுடெல்கா: எதுல?

வில்கின்: ...வலது தோள். விடு, அதெல்லாம் சகஜம்.

யுடெல்கா: ஐஸ் வெச்சியா?

வில்கின்: வெச்சேன், வெச்சேன். நீ என்ன நர்ஸா?

யுடெல்கா: அங்க யாரு அப்படிக் கத்தறா?

வில்கின்: பசங்க. குளிக்கறதுக்குச் சண்டை.

யுடெல்கா: ஹோட்டல் ரூம்லயா? உனக்குத் தனி ரூம்னு சொன்ன. கட்டில் எவ்ளோ பெருசு தெரியுமான்னு வேற பீத்திக்கிட்ட.

வில்கின்: அவங்க சும்மா... பாக்க வந்திருக்காங்க.

யுடெல்கா: குளிக்கவா வந்தாங்க?

வில்கின்: ஏய்... போலீஸ் மாதிரி கேக்காதடி.

யுடெல்கா: சரி, கேக்கல. சாப்ட்டியா?

வில்கின்: எங்க... வரிசைல நான் போறதுக்குள்ள கோழி தீர்ந்துடுச்சு. வெறும் சோறும் பீன்ஸும்தான்.

யுடெல்கா: பெரிய முகாம்ல சமையல்காரன் நின்னுக்கிட்டு என்ன வேணும்னு கேட்டுக் கேட்டுச் செஞ்சு தருவான்னியே?

வில்கின்: இன்னிக்கு அவனுக்கு லீவு.

யுடெல்கா: ஓ... அவனுக்கு லீவு.

வில்கின்: வாழைக்காய மசிச்சு, மேல வெங்காயம் வதக்கிப் போட்டு, ஓரத்துல வறுத்த சீஸ் வெச்சு... நீ தருவியே யுடெல்கா. நேத்து கனவுலயே வந்துச்சு.

யுடெல்கா: சோறுதான் கனவுல வருதா? நான் வரலயா?

வில்கின்: தட்டைக் கையில வெச்சிருந்தது நீதானே.

யுடெல்கா: ம்க்கும். ஆளைவிடத் தட்டுதான் பெருசாத் தெரிஞ்சிருக்கும்.

வில்கின்: அந்தக் கோட்டு... இன்னும் வெச்சிருக்கியா?

யுடெல்கா: வெச்சிருக்கேனாவா? கதவுக்குப் பின்னாடிதான் தொங்குது. டீம்ல சேந்தா நீ போகப் போற அந்த ஊர்ல ஏப்ரல்லயும் பனி கொட்டும்னு நீ சொன்னதைக் கேட்டு, பழைய துணிச் சந்தையில தேடித் தேடி வாங்கினேன். பானி வெயில்ல இவ்ளோ பெரிய கம்பளிக் கோட்டு! எதிர்வீட்டுக்காரி கேக்கறா, யுடெல்கா கரடி வளக்கறியான்னு.

வில்கின்: போட்டுப் பாத்தியா?

யுடெல்கா: தெனம் பாக்கறேன். ஃபேனை முழுசா வெச்சுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு... வேர்த்து ஊத்திடும். அப்பவும் கழட்ட மனசு வராது. அதைப் போட்டுக்கிட்டா உன் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குடா.

வில்கின்: எனக்கு... இப்பவே கெளம்பி அங்க வந்துடலாம் போல இருக்கு.

யுடெல்கா: வாயேன்.

வில்கின்: சொன்னேனே, உன் வாசல்லயே நின்னு. முதுகுல என் பேரோட ஒரு சட்டை போடாம உன் முன்னாடி வந்து நிக்க மாட்டேன்னு.

யுடெல்கா: உன் பேரு எனக்குத் தெரியும்டா. தெச்சுக் காட்டினாதான் தெரியணுமா?

வில்கின்: உங்கம்மாவுக்குத் தெரியணும்ல. லிச்சோவுக்குத் தெரியணும். அந்தத் தெரு முழுக்க...

யுடெல்கா: தெருவையா கட்டிக்கப் போற? ...சரி. அந்த எமன் என்ன சொல்றான்?

வில்கின்: யாரு?

யுடெல்கா: அதான், காலைல சட்டை மாத்தற எடத்துல வந்து தோளைத் தட்டறவன். அவன் வந்தாலே எல்லாரும் குனிஞ்சு ஷூ கயிறைக் கட்டற மாதிரி நடிப்போம், யாரு தோளைத் தட்டறானோ அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்னு சொல்லிச் சிரிச்சியே.

வில்கின்: ஓ, அவனா...

யுடெல்கா: இன்னிக்கு உன்னைத் தட்டலயே?

வில்கின்: இல்ல. இன்னிக்குத் தட்டல.

யுடெல்கா: சரி. உன் பழைய கையுறை இருக்குல்ல, அதைக் கேட்டு அந்தத் தையக்காரி மகன் வந்தான். ஆசையா எடுத்து மாட்டிப் பாத்தான், முடியல. எல்லாரும் இடது கைல போடுவாங்க, நீ இடது கையால எறியறவன், உன்னது வலது கைல போடறதாச்சே. இந்தத் தெருவுல உன்னை விட்டா அது யாருக்கும் ஆகாது.

வில்கின்: குடுத்துடாத. வெச்சிரு.

யுடெல்கா: தலகாணிக்கு அடியிலதான் வெச்சிருக்கேன். தோலு வாசம், உன் வேர்வை வாசம்... மொதல்ல நாறுச்சு. இப்போ அது இல்லாம தூக்கம் வரல.

வில்கின்: யுடெல்கா... இடம் கெடைக்கலன்னா என்ன பண்ணுவ?

யுடெல்கா: கெடைக்கலன்னா நீ என்ன பண்ணுவ?

வில்கின்: மறுபடியும் சின்ன டீமோட அந்த பஸ்ஸு. ஊர் ஊராப் போய், காலி மைதானத்துல ஆடி... இன்னொரு வருஷம்.

யுடெல்கா: அந்த ஊர்லயும் பனி கொட்டுமா?

வில்கின்: இல்ல. பானி மாதிரியேதான் கொளுத்தும்.

யுடெல்கா: அப்போ கோட்டு வேண்டாம். வேலை மிச்சம்.

வில்கின்: வெளையாடாதடி.

யுடெல்கா: வெளையாடல. என்கிட்ட எதாவது சொல்லணுமா வில்கின்?

வில்கின்: ...இல்ல. என்ன சொல்லணும்? எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கு.

யுடெல்கா: நல்லாப் போகுதா?

வில்கின்: ஆமா. நீயேதான் பாத்தியே. அப்படி ஒரு கேட்ச்... அப்படி ஒரு எறி. மேனேஜர் கூட தட்டிக் குடுத்தாரு. தோளை நல்லா இறக்கி, நொட்டாங்கைய மடக்கி, ஒரே சுழட்டு... பந்து நேராப் போய் விழுந்துச்சு. எனக்கே நம்ப முடியல.

யுடெல்கா: ம்...

வில்கின்: ஏய், அழறியா?

யுடெல்கா: வெங்காய மூட்டை பக்கத்துல நிக்கறேன்.

வில்கின்: பொய். ஏன்டி அழற? சந்தோஷமான நாளு இன்னிக்கு. நாளைக்கும் ஆட்டம் இருக்கு, நாளைக்கும் எண்பத்தேழைப் பாத்துட்டே இரு...

யுடெல்கா: நாளைக்கு நான் டிவி பாக்க மாட்டேன்.

வில்கின்: ஏன்?

யுடெல்கா: அந்த எண்பத்தேழாம் நம்பர் பையன் பந்தை வலது கையால எறிஞ்சான், வில்கின்... பெட்டி மேல நின்ன நான் ஒருத்திதான் அதைப் பாத்தேன். கீழ எல்லாரும் உன் பேரைச் சொல்லிக் கத்திட்டிருந்தாங்க. கேக்க அவ்ளோ ஆசையா இருந்துச்சுடா... நானும் சேர்ந்து கத்திட்டேன்.