வின்னிபெக்கில் சமையல்காரி தேவை

— போனுக்குள்ள சிரிக்காதே டெல்சி. பழகிக்கணும்னுதான் கோட்டைப் போட்டுக்கிட்டுக் கடற்கரை வரைக்கும் நடந்தேன்.

— ஜமைக்கா வெயில்ல கம்பளிக் கோட்டா? பார்த்தவங்க என்னக்கா சொன்னாங்க?

— மீன்காரன் லின்வல், "வெரோனா, குளிர் காய்ச்சலா?"ன்னான். "கனடாவுக்குப் போறவளைக் கேக்கற கேள்வியாடா இது?"ன்னு ஒரு போடு போட்டேன். வாயை மூடிக்கிட்டான்.

— விசாவே வரலை. அதுக்குள்ள ஊரெல்லாம் தம்பட்டம்.

— வராம எங்க போகும்? எத்தனை ஓட்டல்காரன் முடியாதுன்னு கையை விரிச்சான். எவர்ட்டன் ஒருத்தர்தானே "நான் ஸ்பான்சர் பண்றேன்"னார். அதுவும் வின்னிபெக் பனியில நீ அவர் கடைக்கு நடையா நடந்ததால. கேளு, சபையில உன் பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணினோம்.

— எனக்கு எதுக்குக்கா ஜெபம்...

— இருக்கட்டும். அந்த விளம்பரக் கெடு முடிஞ்சுதா?

— வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு.

— எவன் போட்ட சட்டமோ. ஆள் நான்தான்னு முடிவாயிடுச்சு. ஆனாலும் நாலு வாரம் விளம்பரம் போட்டு, உள்ளூர்ல யாருக்காவது இந்த வேலை வேணுமான்னு கேக்கணுமாம். மாப்பிள்ளையை மேடையில உக்கார வச்சுட்டு, வேற யாருக்காவது வேணுமான்னு கேக்கற மாதிரி.

— அதான்க்கா சட்டம். உள்ளூர் ஆள் கிடைச்சுட்டா வெளிநாட்டு ஆளைக் கூப்பிட விடமாட்டாங்க.

— அந்தக் குளிர்ல ஆட்டுக்கறி கிண்ட எவ வரப்போறா?

— ஒருத்தி வந்திருக்கா.

— விளையாடாதே.

— நிஜமாத்தான். நாளைக்கு வந்து சமைச்சுக் காட்டுன்னு எவர்ட்டன் சொல்லியிருக்கார். சுமாரா இருந்தாக்கூட அவளைத்தான் எடுக்கணும், வேற வழியில்லைன்னார்.

— யாருடி அவ? வெள்ளைக்காரியா?

— நம்ம ஊர்க்காரிதான். இங்க குடியுரிமை வாங்கிட்டா.

— நல்லா சமைப்பாளா?

— சோறு வச்சா ஒண்ணு குழையும், இல்லன்னா அடிபிடிக்கும்.

— ஆண்டவரே, இவ்வளவுதானா? இதுக்குப்போய் சாவு வீட்டுக் குரல்ல பேசறியே. ஒரு வாய் வச்சதும் எவர்ட்டன் தண்ணிக்கு ஓடுவார். கறியில என்ன போடுவாளாம், சர்க்கரையா?

— கேலி பண்ணாதேக்கா. அவ பாவம்.

— என்ன பாவம்? இந்த வயசுல ஓட்டல்ல அடுத்தவன் திட்டைக் கேட்டுக்கிட்டுப் பாத்திரம் தேய்க்கறேனே, நான் பாவமில்லையா? இதை விட்டா இன்னொருத்தன் என்னைக் கூப்பிடுவானா? அவ அங்கேயே இருக்கறவ. வேற வேலையா கிடைக்காது?

— தேடாத இடமில்லை. சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டு ஒத்தையில அல்லாடறா. அவ வேலை பார்த்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தை மூடிட்டாங்க.

— சலவைக்கூடமா? உன்கூட வேலை பார்த்தவளா?

— ம்.

— மூடிட்டாங்கன்னா... அப்போ உன் வேலை?

— ரெண்டு மாசமா இல்லைக்கா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— நீ கோட்டு வாங்கிட்டேன்னு காட்டினே. எப்படிச் சொல்ல? விளம்பரத்தைப் பார்த்து நான்தான்க்கா போய்க் கேட்டேன். உனக்காக நடந்த அதே கடையில நின்னு எனக்காகக் கேட்டேன். வெக்கமா இருக்கு. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கு அந்தப் பக்கமே போகமாட்டேன்.

— வீட்டுல ஆட்டுக்கறி இருக்கா?

— கொஞ்சம் இருக்கு. எதுக்கு?

— மூக்கைச் சிந்திட்டு அடுப்பைப் பத்த வை. போனை வச்சிடாதே, நான் சொல்லச் சொல்லச் செய். முதல்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கறியைக் கழுவு, அது கூட உனக்குத் தெரியாது.