நாலாவது பிளக்

ஹலோ... அண்ணே, நான்தான். கேக்குதா?... ஆமாமா, வீட்டுலேருந்துதான். பயப்படாதீங்க, அவருக்கு ஒண்ணும் இல்ல. இதோ பக்கத்துலதான் நாற்காலியில உக்காந்திருக்காரு... இல்லண்ணே, வேற விஷயம். கார்ல ஸ்பார்க் பிளக் ஒண்ணு கழல மாட்டேங்குது.

...எங்க கார்தான். அவரு பக்கவாதம் வந்து விழுந்ததுலேருந்து எட்டு மாசமா ஷெட்டுலயே நின்னுச்சுல்ல, ஸ்டார்ட் பண்ணா உதறுது. சரி, பிளக்க மாத்திப் பாப்போம்னு நானே இறங்கிட்டேன்... சிரிக்காதீங்க. உங்க ரெண்டு பேரு கார் பட்டறையில பதினேழு வருஷம் பில்லு எழுதுனவ நான். எத்தனை தடவ எட்டி நின்னு பாத்திருப்பேன்... மூணு வந்துடுச்சு. கடைசிதான். நாலாவது.

...ம்... ம்... என்ஜின் ஆறித்தான் இருக்கு, காலையிலேருந்து ஸ்டார்ட் பண்ணல... ஊதியாச்சு, சைக்கிள் பம்ப வச்சு பிளக் குழியில இருந்த மண்ணெல்லாம் ஊதிட்டேன். துரு இளக்கற எண்ணெய் நேத்தே விட்டு ஊற வச்சேன்... அரை சுத்து வந்துச்சுண்ணே. அப்புறம் கீச்சுன்னு ஒரு சத்தம். கைய எடுத்துட்டேன். முக்குக்கடை மெக்கானிக்கக் கூட்டியாந்து காட்டுனா, உடைஞ்சா பாதி உள்ள மாட்டிக்கும், என்ஜின் ஹெட்டையே கழட்டணும், எனக்கு வேணாம் இந்த வம்புன்னு போயிட்டாரு.

...இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன், கையெல்லாம் கிரீஸு... ம், இப்ப பேசுங்க... அண்ணே, உங்க குரலக் கேட்டதும் இவரு நிமிர்ந்து உக்காந்துட்டாரு.

...

என்ன அவசரமா? அது... சும்மா, வண்டி ஓடற நெலமையில இருக்கட்டுமேன்னுதான்... இருங்க. ஒரு நிமிஷம். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசறேன்.

...ம், ஸ்பீக்கர அணைச்சுட்டேன். சமையல்கட்டுக்கு வந்துட்டேன். அண்ணே, கார விக்கறேன். கண்ணாடி போட்ட ஒரு வாத்தியாரு கேட்டிருக்காரு. போன ஞாயித்துக்கிழமை இவரு தூங்குற நேரம் பாத்து வரச் சொல்லிக் காட்டுனேன். உதறல் மட்டும் சரியாயிட்டா எடுத்துக்கறேன்னாரு. இன்னைக்கு நாலரைக்கு வர்றாரு... எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணே. பெரிய பொண்ணு வெளியூர்ல இருக்கா. இவரால படி ஏற முடியல, எட்டு மாசமா கூடத்துல கட்டிலப் போட்டுப் படுத்திருக்காரு. அந்த ஷெட்டத்தான் ரூமா மாத்தணும். வேற எடம் ஏது?... இல்ல. அவருக்குத் தெரியாது. நான் பானெட்டத் தெறந்ததும் மொகமே மாறிடுச்சு. எங்கயோ கூட்டிட்டுப் போகப் போறேன்னு நெனச்சிட்டாரு போல. நானும் அப்படியே விட்டுட்டேன்... தப்புதான். தப்புன்னு தெரியாமலா தள்ளி வந்து பேசறேன்?

...

அண்ணே, நீங்க ஏன் வரலன்னு நான் கேக்கல. பட்டறைய மூடுன பிறகு உங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல. பஸ் டிப்போல லீவு குடுக்க மாட்டாங்கன்னு தெரியும்... மொத மாசமெல்லாம் வாசல்ல பைக் சத்தம் கேட்டா திரும்பிப் பாப்பாரு. இப்ப பாக்கறதில்ல. அவ்வளவுதான்... குத்திக் காட்டலண்ணே. கேட்டீங்க, சொன்னேன். சரி விடுங்க. மணி ஆவுது.

...இதோ வந்துட்டேன். ஸ்பீக்கர்ல இருக்கீங்க. சொல்லுங்க... திரும்ப உள்ள முறுக்கவா? கழட்டணும்னா உள்ள முறுக்கச் சொல்றீங்களே... ஓ. கரி துகள் மரையில சிக்கியிருக்கும். வெளிய இழுத்தா இன்னும் கடிக்கும்... சரி. வந்த வழியே உள்ள அனுப்பி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி வெளிய. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட... நேராத்தான் பிடிச்சிருக்கேன். சாய்ச்சா பிளக்கோட பீங்கான் வெடிச்சிடும், தெரியும்.

...உள்ள போகுது... இப்ப வெளிய... வருது... வருது... இன்னும் அழுத்தவா?... இருங்க, இவரு வேணாங்கறாரு. நாற்காலிக் கையில ரெண்டு தட்டு தட்டறாரு. ஒரு தட்டுன்னா சரி, ரெண்டு தட்டுன்னா வேணாம், அதுதான் இப்ப எங்க பேச்சு... நீங்க அழுத்தச் சொல்றீங்க, அவரு வேணாங்கறாரு. யாரு பேச்சக் கேக்கறது?... அவரு பேச்சா? சரி.

...நிறுத்திட்டேன். மறுபடி உள்ள அனுப்பறேன். எண்ணெய் விட்டுட்டேன்... ஆமா... ஆமா... அவரு கண்ண மூடிக்கிட்டுக் கேக்கறாருண்ணே, சத்தத்த. நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.

...

ஒரு தட்டு தட்டிட்டாரு. சுத்தறேன்... வருதுண்ணே... லேசாயிடுச்சு. விரலாலயே வருது... வந்துடுச்சு. முழுசா வந்துடுச்சு. உடையல... மரையும் நல்லாத்தான் தெரியுது... ம்... ம்... இவரு கைய நீட்டறாரு. இந்தாங்க, பாருங்க... வாங்கி மோந்து பாக்கறாருண்ணே. சட்டையிலேயே தொடைக்கறாரு. போகட்டும், பழைய சட்டைதான்.

என்னங்க?... அண்ணே, ஏதோ சொல்ல வர்றாரு, இருங்க... 'எத்'... எத்தனை? எத்தனை மணிக்கா? எங்க போறதுக்குங்க?... இல்லங்கறாரு. வாசல் கேட்டக் காட்டறாரு... கண்ணுகிட்ட விரல வளைச்சு வச்சுக் காட்டறாரு. கண்ணாடி... கண்ணாடி போட்டவரு...

...

அண்ணே. வாத்தியாரு எத்தனை மணிக்கு வர்றாருன்னு கேக்கறாரு.

...இல்ல, நான் சொல்லல. யாரும் சொல்லல. ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கலையாங்க?... தூங்கலையாம். ஜன்னல் வழியாப் பாத்திருக்காரு, நாங்க பேசுனதையும் கேட்டிருக்காரு. அஞ்சு நாளா எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காருண்ணே. எங்கிட்ட ஒரு வார்த்த... வார்த்தைக்கு எங்க போவாரு. ஒரு கோபம் கூடக் காட்டலையே. நான் அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சு சமையல்கட்டுக்கு ஓடறேன், அவரு இங்க உக்காந்து, அந்த வாத்தியாருக்கு வண்டி நல்லபடியாப் போகணும்னு... இருங்கண்ணே. கண்ணத் தொடச்சுக்கறேன், கிரீஸு கையோட.

...

சரி. சரி. இப்ப பரவாயில்ல... நாலரைக்குங்க. நாலரைக்கு வர்றேன்னாரு... ஒரு தட்டு தட்டறாருண்ணே. சரியாம்.

...உங்ககிட்ட அவரு... போனக் கேக்கறாரு. குடுக்கறேன், நீங்க பேசுங்க. பதில் வராது. ஆனா எல்லாம் புரியும். நான் புதுசு நாலையும் மாட்டறேன்... ஆமா, விரலால போற வரைக்கும் விரலால, கடைசியில லேசா ஒரு இறுக்கு. தெரியும். பேசுங்க.

...

...ஹலோ. நான்தான். அவரே குடுத்துட்டாரு... என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கல. அழுதீங்களா?... ம்... வர்ற ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? நிஜமாவா?... அவருகிட்டயே சொல்லிட்டீங்கல்ல, இனி மாத்தாதீங்க. பொய் சொல்ற வேலைய நான் ஒருத்தி பாத்தது போதும்... வாங்கண்ணே. வெறுங்கையோட வாங்க, போதும்.

...மாட்டியாச்சு. நாலு பிளக் கம்பியும் அழுத்தி, பானெட்ட மூடிட்டேன். சாவி போடறேன்... கேக்குதா?... ஒரே பிடியில பிடிச்சுக்கிச்சு. உதறல... ஆமா, துளி உதறல் இல்ல. நல்லா இருக்கு... இவரா? பானெட் மேல உள்ளங்கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நாற்காலிய இழுத்துப் போடச் சொன்னாரு... அணைக்க வேணாங்கறாரு. கொஞ்ச நேரம் ஓடட்டுமாம்.

...ம்... ம்... ஆமாண்ணே... அண்ணே, கேட்டு சத்தம். வாத்தியாருதான், சீக்கிரமே வந்துட்டாரு. பையனையும் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்திருக்காரு. உள்ள வாங்க சார், வாங்க, உக்காருங்க... என்னங்க, எங்க எந்திரிக்கறீங்க? மெதுவா. மெதுவாங்க... அண்ணே, எந்திரிக்கறாரு. தானாவே கார் கதவப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறாரு. வண்டிய நின்னுக்கிட்டுத்தான் குடுக்கணுமாம் போல... நான் போய்ப் பிடிக்கணும். வச்சிடறேன்.