திட்டு வாங்குபவர் சார்பில் ஒரு வாழ்த்துரை

மேடையின் நடுவே அமர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தே எங்கள் அனைவரையும் அடக்கி ஆளும் விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இடம் கிடைத்தும் முகமலர்ச்சி குறையாத பெரியோர்களே, வீட்டு வேலையை முடித்து, அலுவலக வேலையை முடித்து, இங்கே வந்த பிறகும் பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்த தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் மொத்தமாக வந்து அமர்ந்திருக்கும் பள்ளி நூற்றாண்டு விழாக் குழுவினரே, காதுக்குள் கருவியைச் செருகியே வாழ்ந்து, இன்று ஒரு மாலைக்காக அதைக் கழற்றி வைத்திருக்கும் நேயர்களே, நூறு எபிசோடு கண்ட நாவன்மையாளர், உங்களுக்கு விழாவேந்தர், எனக்கு என் கணவரின் தம்பி, அன்புக் கொழுந்தனார் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் அண்ணனும் தம்பியுமாக இவர்கள் நடத்தும் விழா ஏற்பாட்டு நிறுவனத்தில் இருக்கைகளுக்கும் அழைப்பிதழ்களுக்கும் பொறுப்பாளர். யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதே என் தொழில். பேசுவது என் தொழிலல்ல. ஆனாலும் வாழ்த்துரை வழங்க அண்ணியைத்தான் அழைக்க வேண்டும் என்று கொழுந்தனார் சொன்னாராம். குடும்பப் பாசம் நேயர்களுக்குப் பிடிக்கும் என்றாராம். எனவே பாசத்தோடு வந்திருக்கிறேன்.

கொழுந்தனாரின் 'வாங்க வாங்க' என்ற இணைய ஒலி நிகழ்ச்சியை, அந்தப் பாட்காஸ்டை அறியாதவர் இந்த அரங்கில் உண்டா? விருந்தினர் பட்டியல் போடுவது எப்படி, ஒலிவாங்கி கரகரத்தால் செய்வது என்ன, தாமதமாக வரும் சிறப்பு விருந்தினரைச் சமாளிப்பது எங்ஙனம், சீக்கிரமாக வந்துவிடும் சிறப்பு விருந்தினரை ஒளித்துவைப்பது எவ்விடம்? அத்தனைக்கும் அதில் விடை உண்டு. பிறந்தநாள் நடத்துபவர் கேட்கிறார், பணி ஓய்வு விழா நடத்துபவர் கேட்கிறார், எதையுமே நடத்தாதவர்தான் ஒரு வாரம்கூட விடாமல் கேட்கிறார். ஐம்பதாயிரம் பேர். வாழ்க.

அது பிறந்த இடம் எங்கள் கிடங்கு. மேசை விரிப்புகள் அடுக்கிய அறையில் எதிரொலி இருக்காது என்று கண்டுபிடித்தவர் கொழுந்தனார். தெருச் சத்தம் உள்ளே வராமல் இருக்க, கம்பளச் சுருள்களைத் தோளில் தூக்கி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தவர் அவருடைய அண்ணன். முதல் எபிசோடைக் கேட்டவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் எங்கள் வீட்டார். மீதி ஏழு பேரும் எங்கள் வீட்டார் கெஞ்சிக் கேட்டுக்கொண்டவர்கள்.

பதினொன்று எப்படி ஐம்பதாயிரம் ஆனது? அறிவுரையாலா? இல்லை. ஆராய்ச்சியாலா? இல்லை. எட்டாவது எபிசோடில் 'அண்ணன் அடிச்ச கூத்து' என்று ஒரு பகுதி தொடங்கினார்கள். தன் அண்ணன் எந்த விழாவில் எப்படிச் சொதப்பினார் என்று தம்பி சொல்லச் சொல்ல, ஊரே சிரித்தது. அன்று ஏறிய எண்ணிக்கை இன்றுவரை இறங்கவில்லை.

அதோ, சிரிக்கிறீர்கள். நினைவு வந்துவிட்டதல்லவா? திரை இறங்காத டாக்டர் கதை. நாற்காலி போதாத கம்பெனி கதை. ஒலிவாங்கிக்கு பேட்டரி வாங்க மறந்த கதை. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். நூறு எபிசோடிலும் கொழுந்தனார் சொல்லாத ரகசியம் அது.

எங்கள் தொழிலில் திட்டு வாங்குபவர் என்று ஒருவர் உண்டு. விழா என்றால் ஏதாவது ஒன்று தவறும். தவறினால் விழா வீட்டாருக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். மின்பணியாளரைத் திட்டினால் அவர் கை நடுங்கும். சமையற்காரரைத் திட்டினால் அவர் கிளம்பிவிடுவார். ஆகவே தவறு யாருடையதாக இருந்தாலும், போய் நின்று திட்டு வாங்குவதற்கென்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் அங்கே நிற்கும் நேரத்தில் மற்றவர்கள் இங்கே சரிசெய்துவிடுவார்கள். எங்கள் நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பதவியில் இருப்பவர் என் கணவர்.

அதிலும் ஒரு தேர்ச்சி உண்டு, ஐயா. கூட்டத்தில் சட்டென்று கண்ணில் படவேண்டும் என்று எப்போதும் வெளிர் நீலச் சட்டைதான். கையில் ஒரு நோட்டு. தலை சற்றுக் குனிந்திருக்கும், மிகவும் குனிந்தால் நடிப்பென்று சந்தேகம் வரும் என்பார். எதிர்ப்பேச்சு கிடையாது. அந்த டாக்டரின் பணி ஓய்வு விழாவில் திரை இறங்கவில்லையே, அன்று என்ன நடந்தது? "தப்பு என்னோடதுதான் சார்" என்று போய் நின்றார். டாக்டர் ஆறு நிமிடம் திட்டிக் களைத்துப்போனார். என் கணவர் ஓரக்கண்ணால் பார்க்கிறார், திரையைச் சரிசெய்யும் எங்கள் ஆள் இன்னும் ஏணியில்தான் இருக்கிறார். உடனே நோட்டைத் திறந்து, "வேற என்ன குறை சார்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். டாக்டருக்குப் புது வேகம் வந்துவிட்டது. இன்னும் மூன்று நிமிடம். திரை இறங்கிவிட்டது.

அந்தத் திரையின் மோட்டாரை முதல்நாள் சோதித்துப் பார்க்க வேண்டியவர் யார்? நாற்காலிக் கணக்கைத் தப்பாகச் சொன்னவர் யார்? யாராகவும் இருக்கட்டும். நாற்காலி நான். ஆமாம், அந்தக் கூத்து நான் அடித்தது. எனக்காகவும் அவர்தான் போய் நின்றார். வாங்கிக்கொண்டு வந்து, "அந்தக் கம்பெனி அம்மாவுக்கு நல்ல குரல்" என்று மட்டும் சொன்னார். நான்கு சுவருக்குள் முடிந்த தொழில் அது. அதை ஒலிவாங்கி முன் வைத்து, வாங்கிய திட்டுகளையெல்லாம் செய்த தவறுகளாக ஐம்பதாயிரம் பேருக்கு அறிவித்தவர் நம் விழா நாயகர்.

நான் கேட்டேன். "ஏங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அவன் பொழப்பு நல்லா போகுது. கெடுக்கச் சொல்றியா?"

"உங்க பேரு கெடுதே."

"என் பேரு கெடுறதுதானேம்மா என் வேலையே."

இது நியாயமா? நீங்கள்தான் சொல்லுங்களேன்.

இப்போது முப்பத்தொன்பதாவது எபிசோடுக்கு வருகிறேன். கைதட்டத் தொடங்கிவிட்டீர்கள். பொறுங்கள். அதிகம் பேர் கேட்ட எபிசோடு அது. அண்ணன் பேனரை மாற்றி மாட்டிய கதை. ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சி. ஒன்று, ஒரு பள்ளித் தலைமையாசிரியைக்குப் பிரிவு உபசார விழா. இன்னொன்று, இறந்துபோன ஒருவருக்கு நினைவுக் கூட்டம். தலைமையாசிரியையின் தலைக்கு மேல் 'கண்ணீர் அஞ்சலி' விரிந்தது. நினைவுக் கூட்டத்தில், படத்துக்கு மேல் 'நீடூழி வாழ்க' விரிந்தது.

தலைமையாசிரியை பெரிய மனுஷி. அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்கூட்டியே மாட்டிட்டீங்க தம்பி" என்றார். அவருடைய மகன்தான் கத்தினார். என் கணவர் நின்று வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, சரியான பேனரோடு அடுத்த மண்டபத்துக்கு ஓடினார். அங்கே யாரும் கத்தவில்லை. இறந்தவரின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னோடதுதாம்மா" என்று இவர் போய் நின்றார். அந்த அம்மா இவரை ஏறெடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்" என்றார். இருக்கவிட்டு, பிறகு இறக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து என் கணவர் சாப்பிடவில்லை. "திட்டியிருந்தா பரவாயில்ல" என்றார். அதைத் தம்பியிடமும் சொன்னார். மறுவாரம் அந்த அம்மாவின் கதையும் எபிசோடில் வந்துவிட்டது. பின்னால் ஒரு வேடிக்கை இசையும் சேர்த்திருந்தார்கள். இரண்டு நிமிடத்தைக் கேட்டு வாங்கிய அந்தத் துயரத்துக்கு, அந்தத் தவிப்புக்கு, அந்தத் தனிமைக்கு, தப்பாத தாளத்தோடு ஒரு மேளம். ரசனை என்றால் அதுவல்லவா ரசனை.

அதன் பிறகு என்ன ஆயிற்று? இந்த ஆண்டு மட்டும் நான்கு வாடிக்கையாளர்கள் ஒரே நிபந்தனை சொன்னார்கள். "எல்லாம் சரி, அந்த அண்ணன் மட்டும் வர வேண்டாம்." மூன்றாவது வரிசையில் இருக்கும் நூற்றாண்டு விழாக் குழுவினரே, போன வாரம் நீங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது எதிர் மேசையில் இருந்தவள் நான்தான். "அவரா? அவர் கதையத்தான் கேட்டிருக்கோமே" என்று உங்களில் ஒருவர் சொன்னார். உள்ளறையில் என் கணவர் உங்கள் விழாவுக்கு நுழைவாயில் வாரியாக வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். பென்சிலைக் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. விழாவை எங்களிடம் தருவதா என்று நாளை மறுநாள் நீங்கள் முடிவு சொல்லப் போகிறீர்கள். அவரை விலக்கினால்தான் வேலை என்று நீங்கள் சொன்னால், விலக்கிவிடலாம் என்று கொழுந்தனார் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இன்றைக்குக்கூட, "அண்ணே, நீங்க முன்னாடி வர வேண்டாம், வண்டி நிறுத்துற இடத்தைப் பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவர் பார்த்துக்கொண்டதால்தான் உங்கள் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

எனவே வாழ்த்துவதற்கு முன், முப்பத்தெட்டாவது எபிசோடை ஒரு முறை கேட்போம். அது அவ்வளவாக ஓடவில்லை. தலைப்பு, 'கிளம்பும் முன் சரிபார்ப்பது எப்படி'. அதைப் பதிவு செய்தது அந்தப் பேனர் மாறிய அதே நாள் காலையில். எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேனரைச் சுருட்டி வைக்கும் அட்டைக் குழாயின்மேல் எதையும் எழுத மாட்டோம். ஒருவர் வீட்டுத் துக்கம் இன்னொருவர் வீட்டுக் கொண்டாட்டத்தின் கண்ணில் படக்கூடாது. நிற நாடா மட்டும் ஒட்டுவோம். அன்று நாடா ஒட்ட வேண்டிய பொறுப்பு கொழுந்தனாருடையது. ஒலிக்காரரே, பத்தொன்பதாவது நிமிடத்தைப் போடுங்கள்.

கேட்டீர்களா? பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். கதவு கிரீச்சிடுகிறது. அண்ணன் கேட்கிறார்: "தம்பி, ரெண்டு குழாயிலயும் நாடா இல்ல. எது ஸ்கூலுக்கு?" தம்பி சொல்கிறார்: "இடது பக்கம் இருக்கிறதுண்ணே. ரெக்கார்டிங் ஓடுது, கதவச் சாத்துங்க." அண்ணன்: "பிரிச்சு ஒருவாட்டி பாத்துடவா?" தம்பி: "அதான் நான் சொல்றேன்ல." கதவு மூடுகிற சத்தம். பிறகு விழாவேந்தர் நேயர்களிடம் திரும்புகிறார்: "எங்க விட்டேன்? ஆங், யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க, எதையும் ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க."

இது ஒளித்துவைத்த ஆதாரம் அல்ல. ஓராண்டுக்கும் மேலாக உங்கள் கைபேசிகளில் இருக்கிறது. எத்தனை காதுகளில் விழுந்தது, ஒரு மனதிலாவது விழுந்ததா? வெட்டி எறியக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தன் தவறு தனக்கே கேட்காத அளவுக்கு அவர் காது பழகிவிட்டது. நம் காதும்தான் பழகிவிட்டது.

கொழுந்தனார் இப்போது பின்னால் இருந்து என்னிடம் ஏதோ சொல்கிறார். குசுகுசுவென்று எதற்கு, சபைக்கும் சொல்கிறேன். "அண்ணி, பரவாயில்ல, இத எடிட்ல எடுத்துடலாம்" என்கிறார். எடுக்கலாம் தம்பி. நாற்காலியில் இருப்பவர்களை எந்த எடிட்டில் எடுப்பீர்கள்?

யார் அது, பின்வாசலில்? வழி விடுங்கள். வெளிர் நீலச் சட்டை. என் வீட்டுக்காரர்தான். என்ன சொல்கிறார்? ஒலிவாங்கி இல்லாமலே கேட்கிறது: "தப்பு என்னோடதுதாங்க. பிரிச்சுப் பாத்திருக்கணும். தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க."

பார்த்துக்கொள்ளுங்கள், குழுவினரே. நீங்கள் நூறு எபிசோடாகக் கேட்டது இதைத்தான்.

ஏங்க, போதும். வந்து உட்காருங்க. இருபத்திரண்டு வருஷம் நின்னாச்சு. முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அது என் துறை, அதில் யாரையும் கேட்கத் தேவையில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே, இந்த மனிதருக்கு வேலை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரக்கம் காட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. திட்டு வாங்குபவர் என்ற பதவியை இன்று முதல் எங்கள் நிறுவனம் ஒழிக்கிறது. அவர் விலக மாட்டார், ஆகையால் நான் விலக்குகிறேன். இனி எங்கள் விழாவில் ஏதாவது தவறினால், தவறியவரே வந்து உங்கள் முன் நிற்பார். நாற்காலி குறைந்தால் நான் வருவேன். அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ள முடிந்தால் எங்களை அழையுங்கள்.

வாழ்த்துரை என்று அழைத்துவிட்டு இவ்வளவையும் கேட்டுக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், கடிகாரத்தைப் பாதியில் மறந்துபோன அவருடைய பெருந்தன்மைக்கும், கைதட்டுவதா வேண்டாமா என்று தவிக்கும் உங்கள் அனைவருக்கும் என் நன்றி. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது விழா நாயகரின் ஏற்புரை. கொழுந்தனாரே, பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். வாருங்கள், பேசுங்கள். வணக்கம்.