எதிர்காலத்துக்குப் பின்னால் ஒரு சத்தம்

— எல்லாரும் எழுந்து நில்லுங்கள்! மனிதகுலத்தின் எதிர்காலம் இன்னும் சற்று நேரத்தில் இந்த வீட்டை விட்டுப் புறப்படுகிறது!

— நான் நின்னுக்கிட்டுதாங்க இருக்கேன். அடுப்புல பால் இருக்கு.

— மாமா, எதிர்காலம் வாசக்கதவுல நுழையுமா? இம்மாம் பெரிசா வரைஞ்சு வெச்சிருக்கீங்க. வேன்காரர் வேற கீழ ஹாரன் அடிக்கிறார். நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன், அக்கா அந்தப் பக்கம்...

— தொடாதே மச்சான்! தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆழமா பாரு. உன்னை மாதிரி ஒண்ணும் தெரியாதவனுக்கு என்ன தோணுதுன்னு எனக்குத் தெரியணும்.

— சும்மா சொல்லக் கூடாது மாமா. நிறைய பச்சை இருக்கு.

— அது இயற்கை.

— மூலையில சாம்பல் கலர்ல ஒரு பொட்டு. பெயின்ட் சிந்திடுச்சா?

— அது மனிதன்டா! நாளைய மனிதன். இயற்கைக்கு இடம் விட்டு ஓரமா நிக்கிறான். தலைப்பே ‘ஒதுங்கல்’.

— இந்தப் படத்தைச் சாய்ச்சு வெச்ச நாள்லேருந்து நாங்களும் சமையலறையிலதான் ஒதுங்கியிருக்கோம். தம்பி, பார்த்துத் தூக்கு. என்னங்க, நேத்து பெருக்கும்போது இதுக்குப் பின்னால நான் ஒண்ணு பார்த்தேன்...

— அப்புறம் சொல்லும்மா. உங்கக்காவுக்கு அரூப ஓவியம் பிடிபடாதுடா.

— பிடிபடுதுங்க. உருவம் வரைய வராட்டி அரூபம்.

— ஷ்ஷ்! என்ன சத்தம் அது?

— கீச்சு கீச்சுங்குது மாமா. படத்துக்குப் பின்னாலதான்.

— ஜன்னல்ல ஒரு குருவி வந்து வந்து போச்சே, கூடு கட்டிடுச்சா! இன்னைக்குப் பார்த்தா இது நடக்கணும்? படத்தை ரெண்டு தட்டு தட்டுடா, பறந்து போகட்டும்.

— குஞ்சுங்க எங்கங்க பறக்கும்? நான் சொல்ல வந்தது என்னன்னா...

— அப்ப அட்டைப்பெட்டியில அள்ளி மாடியில வெச்சிடு! சாயங்காலத்துக்குள்ள படம் கண்காட்சிக்குப் போகலேன்னா நடுச்சுவரை அந்த வட்டக்காரனுக்குக் கொடுத்துடுவாங்க. ஆயுசு முழுக்க வட்டமா போடுறவன்! எனக்கு இதுதான்டா முதல் நடுச்சுவர். போன தடவை கழிப்பறைக்குப் போற வழியில மாட்டினாங்க.

— அங்கதான் மாமா கூட்டம் நின்னுச்சு.

— படத்துக்கு என்ன தலைப்புன்னீங்க?

— ‘ஒதுங்கல்’. இப்ப எதுக்கு அது?

— ஒண்ணுமில்லங்க. யாரு ஒதுங்கணும்னு ஒரு சந்தேகம்.

— மாமா? என்ன அந்தச் சாம்பல் பொட்டையே பார்க்கிறீங்க? தண்ணி வேணுமா?

— வேனைத் திருப்பி அனுப்பிடு மச்சான்.

— விளையாடுறீங்களா? நடுச்சுவரு மாமா!

— போகட்டும்டா. மனுஷன் இயற்கைக்கு வழி விடுவான்னு ஊருக்குச் சொல்லிட்டு, அதோட குஞ்சை அட்டைப்பெட்டியில அள்ளினா எனக்கே என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காது. வட்டக்காரனே மாட்டிக்கட்டும்.

— அட! இப்படி ஒரு மனுஷனையா நான் கட்டியிருக்கேன்? சரி, நான் பார்த்ததைச் சொல்லிடறேன், கேளுங்க...

— இரும்மா, கண்காட்சி மேடத்துக்கு முதல்ல சொல்லிடறேன். ஹலோ, மேடமா? படம் வராதுங்க. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. படத்துக்குப் பின்னால குருவி குஞ்சு பொரிச்சிருக்கு, நகர்த்த மனசு வரலை... மேடம்? மேடம், அழறீங்களா?

— என்னவாம் மாமா?

— சும்மா இருடா. சொல்லுங்க மேடம்... திறப்பு விழாவே எங்க வீட்டுலயா? டிவிக்காரங்களுமா? முன்பக்கத்தை விடப் பின்பக்கம்தான் படமா?... ஆமாம் மேடம், ஆரம்பத்துலேர்ந்தே என் நோக்கம் அதுதான்.

— கேட்டுக்கோடா தம்பி. ஆரம்பத்துலேர்ந்தே.

— ஆகட்டும் மேடம். அதுங்களா கிளம்புற வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டோம். இது சத்தியம்! வெச்சிடறேன்... மச்சான், ஜெயிச்சுட்டேன்டா! நாளைக்குக் காலையில நடுச்சுவரே இங்க நடந்து வருது! இனிமே அந்தக் குடும்பமும் நம்ம குடும்பம்.

— சத்தியமே பண்ணிட்டீங்களா?

— பண்ணிட்டேன்மா.

— மாத்த மாட்டீங்களே?

— உயிரே போனாலும் மாத்த மாட்டேன்.

— மாமா, எத்தனை குஞ்சுன்னு டிவியில கேப்பாங்க. நான் தரையில படுத்து போன் லைட்டை அடிச்சுப் பார்த்துடறேன்.

— மெதுவா. பயந்துடப் போகுது. என்ன தெரியுது?

— தலையணைப் பஞ்சு இருக்கு. உங்க காலுறை ஒண்ணு கிழிஞ்சு கிடக்கு. அதுக்கு மேல செக்கச்செவேல்னு ஆறோ ஏழோ நெளியுது. ஒண்ணுக்கும் இறக்கை இல்ல மாமா.

— பச்சைக்குஞ்சுடா. போகப் போக முளைக்கும்.

— வால் மட்டும் நீளமா இருக்கே மாமா.

— இயற்கையோட படைப்பு அப்படி! ஆழமா பாரு. குருவியிலயே ஏதோ அபூர்வ ஜாதியா இருக்கும்.

— எலிங்க.